பிள்ளைகளின் படிப்புக்கு வாட்ஸ்அப் குழுவும் பாட வீடியோவும்: ஒரு கல்வியாண்டு முழுக்கப் பயன்படுத்திய பிறகு

பெண் பத்தாம் வகுப்பு, பையன் ஆறாம் வகுப்பு, இரண்டு பேரும் திருப்பூரில் அரசு உதவி பெறும் ஒரே பள்ளியில். என் போனில் மொத்தம் நான்கு பள்ளிக் குழுக்கள்: பெண்ணின் வகுப்பு, அவளுடைய கணக்கு ஸ்பெஷல் கிளாஸ், பையனின் வகுப்பு, அப்புறம் ஸ்கூல் வேன். இது போக யூடியூபில் பாட வீடியோ, பெண்ணும் அவள் தோழிகளும் வைத்திருக்கும் தனிக் குழு, பையன் எங்கே போனாலும் கண்ணில் படும் குட்டி வீடியோக்கள். இந்த ஒரு வருடத்தில் இதெல்லாம் படிப்புக்கு என்ன செய்தது, என்ன கெடுத்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்ததை எழுதுகிறேன். ஜூனில் பிள்ளையைப் புதிதாகப் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் இது எப்படி வந்தது என்பதை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான். நடுவில் ஒன்றரை வருடத்துக்கு மேல் என் பையனுக்குப் பள்ளிக்கூடம் என்றால் என் போன்தான். ஒன்றாம் வகுப்பு டீச்சர் முகத்தையே அவன் திரையில்தான் பார்த்தான். கல்வித் தொலைக்காட்சி இருந்தது, 2019 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டார்கள், நேரத்துக்குப் போட்டால் பார்க்கலாம், தவறினால் யூடியூபில் தேடலாம். அந்த நாட்களில் வாட்ஸ்அப் குழு இல்லாமல் இருந்திருந்தால் என் பையனுக்கு எழுத்துக்கூட்டவே வந்திருக்காது, அதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் ஆபத்துக்கு என்று வந்த ஏற்பாடு பள்ளி திறந்த பிறகும் அப்படியே தங்கிவிட்டது. வகுப்பறையில் முடிய வேண்டிய பல வேலைகள் இன்னும் சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மா போனில்தான் நடக்கின்றன. என் முழு மதிப்பீடும் இந்த இடத்தில்தான் சுற்றும்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பையனின் ஆங்கில டீச்சர் ஒவ்வொரு பாடல் நடத்தும்போதும் அதைத் தன் குரலில் படித்து இரண்டு நிமிட ஆடியோவாகக் குழுவில் போடுவார். பையன் அதை நான்கு தடவை, ஐந்து தடவை கேட்பான். வகுப்பில் எழுந்து நின்று "டீச்சர், இன்னொரு தடவை" என்று அவன் ஒருநாளும் கேட்கப் போவதில்லை, கூச்ச சுபாவம். ஆடியோவுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. என்னைப் போலத் தமிழ் மீடியத்தில் படித்த அம்மாக்கள் தப்பாக உச்சரித்துச் சொல்லிக்கொடுப்பதும் இதனால் நின்றது. இந்த ஒரு டீச்சர் செய்ததை எல்லா மொழி ஆசிரியர்களும் செய்தால் போதும், குழுவுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுத்துவிடுவேன்.

அடுத்தது, ஜனவரியில் பையனுக்கு அம்மை போட்டு இரண்டு வாரம் வீட்டில் இருந்தான். முன்பெல்லாம் இப்படி ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் நோட்டு வாங்கி ராத்திரி உட்கார்ந்து எழுத வேண்டும், அம்மை என்றால் நோட்டு கொடுக்கவே தயங்குவார்கள். இந்தத் தடவை தினமும் நோட்டுப் பக்கங்கள் போனுக்கு வந்தன. ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள், கரும்பலகையையோ நோட்டையோ படமாக அனுப்பும்போது செயலி அதைச் சுருக்கிவிடும், 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது. படமாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் எடுத்த தெளிவு அப்படியே வரும். டீச்சரிடம் ஒருமுறை சொன்னேன், அன்றிலிருந்து அப்படித்தான் அனுப்புகிறார்.

சரி, இப்போது குறை. பெரிய குறை எது என்று கேட்டால் நேர விரயம் என்பார்கள், கண் கெடுகிறது என்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது ஹோம்வொர்க் டைரி. பள்ளி தொடங்கும்போது ஐம்பது, அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டு டைரி கொடுக்கிறார்கள். ஜூன் மாதம் முழுக்க பையன் எழுதினான். ஜூலையில் பாதிப் பக்கம். ஆகஸ்டுக்குப் பிறகு வெறும் தேதி மட்டும். "ஏன் சாமி எழுதலை?" என்று கேட்டால், "குரூப்ல வருமில்லம்மா" என்றான். யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரிதான். அம்மா போனுக்கு எப்படியும் வரப்போகிறது என்று தெரிந்த பிறகு பதினோரு வயதுப் பையன் எதற்காகக் கடைசி பீரியடில் டீச்சர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்? கேட்பது, குறித்துக்கொள்வது, வீட்டுக்கு வந்து பையைத் திறந்து என்ன பாக்கி என்று தானே பார்ப்பது, இது மூன்றும் ஆறாம் வகுப்பில் பழக வேண்டிய பழக்கம். அது அவன் கையிலிருந்து என் கைக்கு வந்துவிட்டது. நாளைக்கு வரைபடத் தாள் எடுத்துப்போக வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும், நான் மறந்தால் திட்டு வாங்குவது அவன். இப்படி ஒரு வருடம் போனால் பிள்ளை படிப்பு தன்னுடையது என்றே நினைக்க மாட்டான் என்ற பயம் எனக்கு வந்தது.

இதோடு சேர்ந்த இன்னொன்று. எங்கள் வீதியில் பையனோடு படிக்கும் ஒருவனின் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறார். சீசன் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வருவார். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல போன் அவர் கையில். அதைப் பையன் பார்க்கும்போது மணி ஒன்பது, சாப்பிட்டுத் தூங்கும் நேரம். பல நாள் அந்தப் பையன் ஆறு மணிக்கு எங்கள் வாசலில் வந்து நின்று, "அத்தை, இன்னைக்கு என்ன ஹோம்வொர்க் போட்டிருக்காங்க?" என்று கேட்டிருக்கிறான். கேட்கும்போது அவன் முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது, ஏதோ கடன் கேட்க வந்தது போல நிற்பான். வகுப்பில் கேட்டு எழுதி வந்திருந்தால் அவன் யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. எல்லோரிடமும் போன் இருக்கிறது என்று பள்ளியில் நினைக்கிறார்கள். போன் இருக்கிறதுதான், ஆனால் அது சாயங்காலம் பிள்ளையின் பக்கத்தில் இருக்கிறதா என்பதை யாரும் கேட்பதில்லை.

குழுவில் என்னைக் கோபப்படுத்திய விஷயம் மார்க். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் வகுப்பில் இருக்கும் அத்தனை பேரின் பெயரும் மார்க்கும் இருக்கும் தாளை அப்படியே படமெடுத்துப் போட்டுவிட்டார்கள். தோற்ற பாடத்துக்குச் சிவப்பு மையில் வட்டம். ஐந்து நிமிடத்தில் முதல் மார்க் எடுத்த பிள்ளைக்கு வாழ்த்துகள், கைதட்டும் பொம்மைகள். சிவப்பு வட்டம் விழுந்த பிள்ளையின் அப்பாவும் அதே குழுவில்தான் இருக்கிறார் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. முன்பு ரேங்க் கார்டு உறையில் வரும், கையெழுத்துப் போட்டு அனுப்புவோம், அது அந்த வீட்டோடு முடிந்தது. நான் தனியாக வகுப்பு டீச்சரிடம் பேசினேன். அவர் வேலை மிச்சம் என்று நினைத்துச் செய்ததுதான், கெட்ட எண்ணம் இல்லை, அரையாண்டுக்குத் தனித்தனியாக அனுப்பினார். நீங்களும் பேசுங்கள், பேசினால் கேட்கிறார்கள்.

போன் நம்பர் விஷயமும் அப்படித்தான். சாதாரணக் குழுவில் சேர்ந்தால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெற்றோர் ஒருவர் சீட்டு சேரச் சொல்லி மூன்று முறை அழைத்தார். வாட்ஸ்அப்பிலேயே 'கம்யூனிட்டி' என்று ஒன்று இருக்கிறது, அதன் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது, நிர்வாகி மட்டும்தான் செய்தி போட முடியும். சாதாரணக் குழுவிலும்கூட நிர்வாகி மட்டும் எழுதும்படி மாற்றலாம், 2018-லிருந்தே அந்த வசதி இருக்கிறது. எங்கள் வேன் குழுவில் அப்படி மாற்றிய பிறகு காலை வணக்கப் படங்கள் நின்றன, வேன் பத்து நிமிடம் தாமதம் என்ற ஒரு வரி கண்ணில் பட ஆரம்பித்தது.

மழைக்காலத்தில் லீவு வதந்தி. நவம்பரில் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்று ஒரு செய்திச் சேனல் கார்டு வந்தது, பிள்ளைகள் குதித்தார்கள், நான் உற்றுப் பார்த்தால் போன வருடத் தேதி. காலையில் பள்ளி வழக்கம்போல நடந்தது, பாதிப் பேர் வரவில்லை. விடுமுறை அறிவிப்பது மாவட்ட ஆட்சியர், அந்த அறிவிப்பைப் பள்ளியே குழுவில் போட்டால் மட்டும் நம்புவது என்று வைத்துக்கொண்டோம். பல பேர் கைமாறி வந்தது என்று காட்டும் இரட்டை அம்புக்குறி செய்திக்கு மேலே இருந்தால், அதை நான் இப்போது அடுத்த குழுவுக்குத் தள்ளுவதில்லை.

இனி பாட வீடியோ. பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருப்பவர்கள் இதை விரிவாகக் கேட்க விரும்புவீர்கள். கணக்கில் வடிவியலுக்கு 8 மார்க், வரைபடத்துக்கு 8 மார்க், சேர்த்து 16. பாஸ் மார்க் 35 என்று வைத்தால் கிட்டத்தட்ட அதில் பாதி. என் பெண்ணுக்கு வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது மட்டும் பிடிபடவே இல்லை. புத்தகத்தில் வரைந்து முடித்த படம்தான் இருக்கும், எந்தக் கோடு முதலில் வந்தது என்று அந்தப் படம் சொல்லாது. வகுப்பில் சார் பலகையில் பெரிய காம்பஸ் வைத்து வரையும்போது நாலாவது பெஞ்சில் இருப்பவளுக்கு அவர் முதுகுதான் தெரியும். வீடியோவில் மேலிருந்து கை தெரிகிறது. 3 செ.மீ ஆரத்தில் வட்டம், மையத்திலிருந்து 5 செ.மீ தள்ளி ஒரு புள்ளி, இரண்டையும் சேர்த்த கோட்டுக்கு மையக்குத்துக்கோடு, அது வெட்டும் இடத்தில் முள்ளை வைத்து இன்னொரு வட்டம், இரண்டு வட்டமும் வெட்டும் இரண்டு இடங்களுக்குப் புள்ளியிலிருந்து கோடு, அளந்தால் 4 செ.மீ வர வேண்டும். ஏன் 4 என்பதற்கு பித்தாகரஸ், 25-இல் 9 போனால் 16. இதை அவள் ஒரே சாயங்காலத்தில் புரிந்துகொண்டாள். டியூஷனுக்கு இரண்டு மாதம் கொடுத்த பணம் செய்யாததை அந்தப் பதினாறு நிமிட வீடியோ செய்தது.

ஆனால் முதல் தடவை நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், "புரிஞ்சிருச்சும்மா" என்றாள். மறுநாள் டெஸ்டில் இரண்டாவது வட்டத்துக்கு முள்ளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாதியில் நின்றிருக்கிறாள். பார்த்தது மனதில் இருக்கிறது, கைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு முறை வைத்தோம்: புத்தகம், நோட்டு, காம்பஸ் மூன்றும் மேசையில் இல்லாமல் வீடியோ போடக் கூடாது. ஒரு அடி பார், நிறுத்து, வரை, அடுத்த அடி. பதினாறு நிமிட வீடியோ ஐம்பது நிமிடம் ஆகும், ஆகட்டும். மறுநாள் வீடியோ இல்லாமல் அதே கணக்கு வேறு அளவில். இப்படிச் செய்தால் மட்டும்தான் வீடியோவுக்கு நான் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். சும்மா சாய்ந்து உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் படித்துவிட்டோம் என்ற நினைப்பை மட்டும் கொடுக்கும், அது படிக்காமல் இருப்பதைவிட மோசம், ஏனென்றால் படிக்காதவளுக்குப் பயமாவது இருக்கும்.

அறிவியலிலும் உதவியது. காரீய நைட்ரேட்டில் பொட்டாசியம் அயோடைடு ஊற்றினால் மஞ்சள் வீழ்படிவு வரும் என்று மனப்பாடம் செய்திருந்தாள், அந்த மஞ்சளை ஒருமுறை கண்ணால் பார்த்த பிறகு சமன்பாடு மறக்கவே இல்லை. நம் பாடப்புத்தகத்திலேயே பாடத் தொடக்கத்தில் கியூஆர் கோடு போட்டிருக்கிறார்கள், 2018-இல் புதிய புத்தகங்கள் வந்ததிலிருந்து உண்டு, கணக்குப் புத்தகத்தில் இணையச் செயல்பாடு என்று ஜியோஜீப்ரா என்னும் கணக்கு மென்பொருளில் செய்யும் பயிற்சிகளும் இருக்கின்றன. நானே இதை டிசம்பரில்தான் கவனித்தேன். வீடியோ தேடப் போகும் முன் அதை ஸ்கேன் செய்து பாருங்கள். தேடலில் தொலைய வேண்டியதில்லை, நம் பாடத்திட்டத்தை ஒட்டியே இருக்கும்.

பொதுத்தேர்வு நெருங்கும்போது வரும் வீடியோக்கள் வேறு ரகம். "இந்த 20 கேள்வி போதும், சென்டம் உறுதி", "இதைப் பார்க்காமல் தேர்வுக்குப் போகாதீங்க" என்று சிவப்பு மஞ்சள் எழுத்தில் வரும். பிள்ளைகள் பயத்தில் இருக்கும் நேரம் பார்த்து அந்தப் பயத்தை இன்னும் கிளறுகிறார்கள். என் பெண் கணக்குக்கு முந்தின ராத்திரி பதினொன்றரை வரை நான்கு பேர் சொன்ன நான்கு விதமான முக்கியக் கேள்விகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, அழுதுவிட்டாள். போனை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுத் தலையில் எண்ணெய் தேய்த்துப் படுக்க வைத்தேன். வருடம் முழுக்க நடத்தின ஆசிரியருக்குத் தெரியாத ரகசியம் திரைக்குப் பின்னால் யாருக்கும் தெரிந்துவிடாது.

குட்டி வீடியோக்களுக்கு வருகிறேன். செயலியின் பெயர் சொல்லவில்லை, எல்லாவற்றிலும் இப்போது அது இருக்கிறது. பையன் தாவரச் செல் வீடியோ பார்க்கத்தான் உட்கார்ந்தான், நான் தோசை வார்த்துவிட்டு வந்து பார்த்தால் யாரோ லாரி டயருக்கு அடியில் தர்பூசணி வைத்து நசுக்குகிறார்கள். எப்படி அங்கே போனான் என்று அவனுக்கே தெரியவில்லை. பிள்ளையின் மனக்கட்டுப்பாட்டைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, பெரியவர்களாலேயே நிறுத்த முடியாதபடி செய்த பொருள் அது. கவனம் ஒருமுறை கலைந்தால் மாணவர் திரும்பப் பாடத்துக்கு வர 20 நிமிடம் வரை ஆகலாம் என்று 2023-இல் வந்த யுனெஸ்கோ கல்வி அறிக்கை சொல்கிறது. ஒரு மணி நேரம் படிக்க உட்காரும் பிள்ளைக்கு இரண்டு தடவை கவனம் கலைந்தால் மீதி என்ன இருக்கும் என்று பாருங்கள்.

நாங்கள் செய்தது இது. பாட வீடியோ எல்லாம் ஹாலில் டிவியில், கையில் போன் இல்லாமல். அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்திவிட்டோம். யூடியூபில் பார்த்தவற்றின் பதிவை நிறுத்தி, பழையதையும் அழித்துவிட்டால் முகப்புப் பக்கம் பரிந்துரை இல்லாமல் வெறுமையாக வரும், தேடினால் மட்டும் வீடியோ. இதை அமைப்புகளில் போய்ச் செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது. பையன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், அப்புறம் சைக்கிள் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

கடைசியாக, பெரியவர்கள் இல்லாத பிள்ளைகள் குழு. பெண்ணின் வகுப்பில் படம் பகிரும் ஒரு செயலியில் பிள்ளைகளாகச் சேர்ந்து ஒன்று வைத்திருந்தார்கள். பாதி நேரம் நல்லதுதான், ஒருத்திக்கு வராத கணக்கை இன்னொருத்தி போட்டு அனுப்புவாள், ராத்திரி எட்டு மணிக்கு ஆசிரியரிடம் கேட்க முடியாததைத் தோழியிடம் கேட்கலாம். ஆண்டு விழாவில் ஆடும்போது ஒரு பெண்ணின் முகம் கோணலாக விழுந்த படத்தை யாரோ எடுத்து, மேலே நாலு வார்த்தை எழுதி, ஸ்டிக்கராக்கி அதில் போட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளை நான்கு நாள் பள்ளிக்கே வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறாள். என் பெண் ஐந்தாம் நாள்தான் என்னிடம் சொன்னாள், "நானும் சிரிச்சேம்மா" என்று சொல்லும்போது குரல் உடைந்தது. நாங்கள் இரண்டு அம்மாக்கள் அந்த வீட்டுக்குப் போனோம், வகுப்பு டீச்சரும் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசினார், படத்தை எல்லோரும் நீக்கினார்கள். பள்ளி வளாகத்தில் நடந்திருந்தால் மணி அடித்ததும் முடிந்திருக்கும் கேலி, போனில் இருந்ததால் வீட்டுக்கும் வந்து படுக்கை வரை போனது. இப்படி ஏதாவது பெரிதாகப் போனால் 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது, பிள்ளைகளுக்கே அந்த எண்ணைச் சொல்லி வையுங்கள்.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. அதிலும் வாட்ஸ்அப்பையும் கூகுள் கிளாஸ்ரூமையும் விலக்கி வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்தேன். அனுபவத்தில் எனக்குத் தெரிந்ததும் அந்தப் பிரிவினைதான், ஒருவருக்கு ஒருவர் சேதி சொல்வது ஒன்று, கேட்காமலேயே வந்து கொட்டிக்கொண்டிருப்பது வேறொன்று. நம் ஊரில் 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரங்களைப் பயன்படுத்த பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனால் இன்றைக்கு 13 வயது ஆகிவிட்டது என்று பிள்ளையே பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுக் கணக்குத் தொடங்குவதை என் வீதியிலேயே பார்க்கிறேன். பையன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், இப்போதைக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

மதிப்பெண் கேட்டால், வகுப்புக் குழுவுக்கு ஐந்தில் மூன்று, அதுவும் அந்த ஆங்கில டீச்சரின் ஆடியோவுக்காக. தேடிப் போய்ப் பார்க்கும் பாட வீடியோவுக்கு நான்கு. தானாக ஓடும் குட்டி வீடியோவுக்குப் படிப்பில் ஒரு மார்க்கும் இல்லை.

மார்ச்சில் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் நான்கு அம்மாக்கள் சேர்ந்து ஒன்று கேட்டோம். ஹோம்வொர்க்கை வகுப்பிலேயே பலகையில் எழுதிப் பிள்ளைகள் டைரியில் குறித்த பிறகுதான் மணி அடிக்க வேண்டும், குழுவில் அது வரவே கூடாது, லீவு போட்ட பிள்ளைக்கு மட்டும் தனியாக அனுப்பலாம். ஷிப்ட் போகும் அந்த அம்மாவும் அன்றைக்கு அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். தலைமை ஆசிரியர் ஆறு, ஏழு வகுப்புகளுக்கு ஜூனிலிருந்து செய்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். எண்களை மறைக்கும் அறிவிப்புக் குழுவுக்கு மட்டும் இன்னும் சம்மதம் வரவில்லை, மாற்றுவது கஷ்டம் என்கிறார்கள். உங்கள் பள்ளியில் அப்படி மாற்றியிருந்தால் யார் செய்து கொடுத்தார்கள், எத்தனை நாள் ஆனது என்று எழுதுங்கள், பள்ளி திறப்பதற்குள் போய்ப் பேசிப் பார்க்கிறேன்.